தையல்காரம்மா ஒட்டிய ஸ்பீக்கர்

தையல்காரம்மாவிடம் கொடுத்த துணி எதுவும் சுருக்கத்தோடு திரும்பிப் போனதில்லை. அவளுக்குக் கையும் சும்மா இருக்காது, வாயும் சும்மா இருக்காது. அந்த வாய்க்கு ஈடுகொடுத்து இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவர், அச்சகத்தில் மெஷின் ஓட்டி ஓய்வுபெற்ற அவள் கணவர். ஈடுகொடுத்தார் என்பதைவிட, பாதி அவருக்குக் கேட்கவில்லை என்பதுதான் நிஜம். மெஷின் இரைச்சல் காதைத் தின்றுவிட்டிருந்தது. மனிதர் ஒப்புக்கொள்ளத்தான் மாட்டார். கேட்டால், "நீதான் முணுமுணுக்கிற" என்பார். தையல்காரம்மாவாவது, முணுமுணுப்பதாவது!

சாயங்காலமானால் கூடத்து மூலையிலிருந்த பழைய ஸ்பீக்கர் பெட்டியருகே நாற்காலியைப் போட்டு, அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு பாட்டுக் கேட்பார். அப்போது முகம் மலர்ந்திருக்கும். ஏன் கையை வைக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் காட்டிக்கொண்டதில்லை. அவள் வாயில் தங்கிய ஒரே ரகசியம் அதுதான்.

ஒருநாள் பெட்டி கொரகொரத்தது. முன்பக்கத்துத் துணியைக் கழற்றினால், காகிதக் கூம்பைச் சட்டத்தோடு பிணைத்திருந்த ஃபோம் வளையம் தொட்ட இடமெல்லாம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. மகள் கையோடு ஒரு புது ஸ்பீக்கர் வாங்கி வந்தாள். டம்ளர் அளவுதான், சத்தம் கணீரென்று இருந்தது. அவர் அதன்மேல் கையை வைத்தார், எடுத்தார், நல்லாயிருக்கு என்றார். மறுநாளிலிருந்து இருட்டும் முன்பே படுக்கப் போனார். பழைய பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று மகள் சொன்னபோது, அதை ஒருதரம் தடவிவிட்டு உள்ளே போனார். தையல்காரம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

ரேடியோ கடையில் புது வளையம் வாங்கினாள். தானே ஒட்டித் தருவதாகக் கடைக்காரர் சொன்னபோது, ஆயிரம் காலர் வைத்தவளுக்கு இதென்ன பிரமாதம் என்று கிளம்பிவிட்டாள்.

பழைய பசையைச் சுரண்டி எடுத்து, வளையத்தின் உள்விளிம்பைக் கூம்பில் ஒட்டினாள். வெளிவிளிம்பைச் சட்டத்தில் ஒட்டும்போதுதான் தொழில்புத்தி குறுக்கே வந்தது. ஃபோம் கொஞ்சம் தொளதொளவென்று நிற்பதா? இழுத்து, நீவி, துணி கிளிப்புகளைச் சுற்றிலும் கவ்வவிட்டாள். காய்ந்தபின் பாட்டுப் போட்டால் அவள் காதுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பெருமை தாங்காமல் கணவரை இழுத்து வந்தாள்.

பெட்டிமேல் கை வைத்தவர் நெற்றியைச் சுருக்கினார்.

"உள்ள எங்கயோ உரசுது."

யானைக்கும் அடி சறுக்கும். இழுத்து ஒட்டியதில் கூம்பு ஒருபக்கம் சாய்ந்து, பின்னாலுள்ள கம்பிச்சுருள் காந்தத்தில் இடித்துக்கொண்டிருந்தது. பிரித்துத் தைக்க வெட்கப்படுகிறவள் தையல்காரியே இல்லை. வெளிவிளிம்பைப் பதமாகப் பிரித்துப் புதுப் பசை தடவினாள். கூம்பின்மேல் விரல்களை வைத்து மெல்ல அமுக்கிப் பார்க்கும்படி கணவருக்குச் சைகை காட்டினாள். உரசல் தட்டினால் அவர் தலையசைப்பார், அவள் வளையத்தை நூலளவு நகர்த்துவாள். இந்த முறை எதையும் இழுக்கவில்லை.

பசை காய்ந்ததும் பாட்டுத் தொடங்கியது. அவர் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"எனக்குக் காது கேக்கலம்மா. ரொம்ப நாளாவே. இதுலதான் கேக்குது." உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

தெரியும் என்று சொல்ல வந்தாள். அந்த ரகசியம் வாயிலேயே தங்கட்டும் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முக்காலியை இழுத்துப் போட்டு, பெட்டிமேல் அவர் கைக்குப் பக்கத்தில் தன் கையையும் வைத்தாள்.

"உனக்கும் கேக்குதா?"

"கேக்குதுங்க," என்றாள், கத்தாமல். அவர் அவள் உதட்டைப் பார்த்துத் தலையாட்டினார்.