நீள அலகுப் பறவை

மூன்றாவது அலகும் மோல்டிலிருந்து எடுக்கும்போது ஒடிந்தது. விருத்தாசலத்தில் நான் இருந்த செராமிக் யூனிட்டில் மாடல், அதை வைத்து எடுக்கும் மோல்டு என்ற அச்சு இரண்டும் என் பொறுப்பு. அந்த வாரம் முதலாளி சேகர் என்னோடு சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை.

பார்வையில்லாத பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியின் ஆர்டர் அது. தொட்டு ஒப்பிட்டுப் பார்க்க நிஜ அளவில் உருவங்கள் வேண்டும் என்று ஸ்டெல்லா டீச்சர் கேட்டிருந்தார். ஒன்று பிக்மி மார்மோசெட், அமேசான் காட்டின் சின்னஞ்சிறு குரங்கு. இன்னொன்று ஹுயா, நியூசிலாந்தில் பாடித் திரிந்து அடியோடு அழிந்துபோன பறவை. அதில் ஆண் ஒன்று, பெண் ஒன்று.

குரங்கு சீக்கிரம் முடிந்தது. வாலை விட்டால் உள்ளங்கையில் அடங்கும். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, மரத்தைப் பற்றும் நகம்வரை செய்தேன். ஹுயா அதைவிடப் பெரியது, ஏறக்குறைய ஒரு முழம். பாடம் செய்து மியூசியத்தில் வைத்த பறவைகளின் போட்டோக்கள்தான் ஆதாரம். ஆணுக்குக் குட்டை அலகு. பெண்ணுக்கு நீண்டு வளைந்த அலகு. அதுதான் ஒடிந்துகொண்டே இருந்தது.

“ரெண்டையும் ஆண் மோல்டுலியே ஊத்திடு செல்வி. அந்தக் குருவிதான் ஒலகத்துலியே இல்லியே, யாரு வந்து கேக்கப் போறாங்க?” என்றார் சேகர்.

எனக்கும் அலுத்திருந்தது. ஊற்றிவிட்டேன். மனம் கேட்காமல் அன்றே டீச்சருக்குப் போன் செய்து, எதற்கு இரண்டு பறவை என்று கேட்டேன். ஆண் உளுத்த மரத்தைக் கொத்திப் புழு எடுக்கும், ஆணுக்கு எட்டாத பொந்துக்குள் பெண் அலகை நுழைத்து எடுக்கும் என்றார். போனை வைத்துவிட்டு ஒரு பறவையின் அலகை அறுத்தெடுத்தேன்.

நீள அலகைத் தனியாகக் கையால் உருட்டி, அரை ஈரத்திலேயே ஸ்லிப் என்ற மண்குழம்பு தடவி ஒட்டினேன். கில்ன் சூட்டில் வேகும்போது தொங்கிவிடாமல் அடியில் மண் முட்டுக் கொடுத்தேன். சேகர் பார்த்தார், தடுக்கவில்லை. அலகு நின்றது.

வாங்கிப்போக வந்த டீச்சரோடு கவிதா என்ற மாணவியும் வந்தாள். குரங்கைத் தடவிச் சிரித்தாள். பெண் ஹுயாவின் அலகை நுனிவரை விரலால் மெதுவாகத் தொடர்ந்தாள்.

“கொரங்கு உசுரோட இருக்குது, எங்கியாவது போயி தெரிஞ்சிக்கலாம். டீச்சர், இது எங்க இருக்குது?”

“இனிமே இதுதாம்மா” என்றார் டீச்சர்.

சேகர் எழுந்து வெளியே போய்விட்டார். மறுநாள் காலை வந்ததும் பெண் பறவைக்குப் புதிதாக ஒரு மோல்டு செய்து வைக்கச் சொன்னார், அலகுக்குத் தனியாக.

குரங்கில் நான் தவறியிருந்தால் எங்கோ இருக்கும் நிஜக் குரங்கைப் பார்த்து யாராவது திருத்திவிடுவார்கள். பறவைக்கு அந்த வழி இல்லை. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது: அசல் இல்லாத உருவத்துக்கு இரண்டு மடங்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.