நான் வைக்காத சேனை

அதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு வந்திருக்கே? பேரனுக்குச் சேனை வைக்க அந்த ஆசுபத்திரி நர்சு விடல, அம்புட்டுத்தானே? உக்காரு. இந்தக் கடலைய ஒடைச்சிக்கிட்டே கேளு. இதே கோவம் எனக்கும் வந்துச்சு, ஏழு வயசுல.

அம்மாவுக்கு இடுப்பு நோவு கண்ட அன்னிக்கு, சேனை வைக்கச் சொல்லி சீனித்தண்ணிக் கிண்ணத்த அத்த என் கையில குடுத்தாங்க. நாக்குல யாரு தொட்டு வைக்கிறாங்களோ அவங்க கொணந்தான் புள்ளைக்கு வருமாம். "இவளாட்டம் வாயாடியா வரட்டும், இதாவது தங்கட்டும்"னாங்க. எனக்குப் பெருமை தாங்கல. எங்கக்காவோட பழைய பாவாட வேற, இடுப்புல நிக்காது. ஒரு கையில பாவாட, ஒரு கையில கிண்ணம்.

அப்பல்லாம் உடையார்பாளையத்துலேர்ந்து ஒரு கவர்மெண்டு மருத்துவச்சியம்மா சைக்கிள்ல வரும். மாசாமாசம் அம்மா வயித்தத் தொட்டுப் பாக்கும். எங்க தெருவுக்குள்ள வந்து, எங்க வூட்டுச் செம்புலயே தண்ணி குடிக்கும். அப்பா அத ஊரெல்லாம் சொல்லுவாரு.

அந்தம்மா கையிலதான் தம்பி பொறந்தான். பூனக்குட்டியாட்டம் இருந்தான், சத்தமே இல்ல. அந்தம்மா தொடச்சு முதுகத் தேய்க்கத் தேய்க்க, கீச்சுன்னு ஒரு சத்தம் வந்துச்சு. அத்த குளிப்பாட்ட வெந்நி தூக்கிட்டு வந்தாங்க. வேணாம்னுட்டு, அப்படியே எங்கம்மா நெஞ்சு மேல போட்டு சீலையால மூடிருச்சு. சீம்பாலு ஆவாது, பீச்சி ஊத்துன்னு அத்த கத்துனாங்க. அந்தம்மா அசையல. நான் கிண்ணத்தோட அந்தம்மாகிட்ட ஓடுனேன்.

"அவனுக்கு அம்மா பாலு போதும் கண்ணு. இத நீயே குடிச்சிரு."

ஆட்டுப்பட்டி பக்கம் போயி அழுதுகிட்டே குடிச்சிட்டேன். சேனை வச்சியான்னு அத்த கேட்டதுக்கு, வச்சேன்னு சொல்லிட்டேன். அவனுக்கு என் கொணம் அப்படியே இருக்குன்னு அத்த இன்னிக்கும் சொல்றாங்க. அவனா? போன் போட்டா 'ம்'முங்கறதோட சரி.

சாயங்காலம் அவன் நல்லாப் பால் குடிக்கிற வரைக்கும் அந்தம்மா கெளம்பல. எங்கம்மா அது கையப் புடிச்சிக்கிட்டு அழுதுச்சு, விடவே இல்ல. பெத்த புள்ள நான் நிக்கிறேன், யாரோ கையப் புடிச்சிருக்கேன்னு எனக்கு ஆத்தரம். எனக்கும் தம்பிக்கும் நடுவுல ரெண்டு பொறந்து, ஒரு வாரங்கூடத் தங்காமப் போனது அப்பத் தெரியாது. கொல்லையில ரெண்டு எடத்துல மட்டும் அம்மா மொளகா நட விடாது. ஏன்னு நான் கேட்டதில்ல.

இரு, அடி புடிக்கிற வாசன வருது. உன் மவளுக்குத்தான் பூண்டுக் கொழம்பு வச்சிருக்கேன். எந்திரி, அந்தத் தூக்குச்சட்டிய எடு.