நொண்டுவது ஓவராம்

ஆர்குட் மக்களே, இன்று கசார்வாடி பஸ் ஸ்டாப்பில் என் வகுப்புத் தோழன் தினேஷ் என் தலைமுடியைப் பிடித்துத் தரதரவென்று இழுத்தான்.

திங்கட்கிழமை எங்கள் நாடகத் துறையில் மேடைச் சண்டை பிராக்டிகல். பஸ் வருவதற்குள் ஒருமுறை செய்து பார்க்கலாம் என்று நான்தான் சொன்னேன். இதில் அடிப்பவனுக்கு வேலையே இல்லை. அவன் கை சும்மா முடிமேல் இருக்கும். அலறுவது, துடிப்பது, நகர்வது எல்லாம் அடி வாங்குபவர் வேலை.

பக்கத்து ஒர்க்‌ஷாப்பிலிருந்து நாலு பேர் ஓடி வந்தார்கள்.

"பொண்ணு மேலயா கை வெக்கறே?" என்று ஹிந்தியில் கத்திக்கொண்டே தினேஷ் மூக்கில் ஒரு குத்து. விழுந்தவனை நாலு பேரும் மிதித்தார்கள்.

"நாடக் ஹை பையா, நாடக்!" என்று கதறினேன்.

"பயப்படாதம்மா, நாங்க இருக்கோம்" என்று சொல்லி, ஒருவர் தினேஷின் இடுப்பில் இன்னொரு உதை விட்டார்.

எப்படியோ வகுப்புக்குப் போய்ச் சேர்ந்தோம். உதடு கிழிந்து நொண்டி நொண்டி உள்ளே வந்தவனை சார் ஏற இறங்கப் பார்த்தார்.

"மேக்கப் பிரமாதம். நொண்டறதுதான் ஓவர். நிஜமா வலிச்சா யாரும் இப்படி நடக்க மாட்டாங்க."

எப்படி நடப்பார்கள் என்று சாருக்கே தெரியட்டும். அந்த ஒர்க்‌ஷாப் ஆட்கள் நாலு பேரையும் ஒருமுறை எங்கள் வகுப்புக்கு வரச் சொல்ல வேண்டும். கசார்வாடிப் பக்கம் யாராவது இருக்கிறீர்களா?