வயிற்றில் நின்றுபோன சோறு

களக்… களக்…

ஈப்போவுக்கு மேலே எங்கள் மலைத் தேயிலை ஆலையில் நைட் ஷிஃப்ட் என்றால் கண்ணைவிடக் காதுக்குத்தான் வேலை அதிகம். என்னைப்போல் சர்க்கரை வியாதி உள்ள இனிப்புநீர்க்காரர்களே, இதில் சிலது உங்களுக்கும் நடந்திருக்கும், அதனால்தான் எழுதுகிறேன்.

மாடியில் வந்தது

அன்று மின்சாரம் போய், கொழுந்து வாடப்போடும் மாடியில் காற்றாடிகள் எல்லாம் நின்றிருந்தன. அப்போதுதான் கேட்டது. பாதி நிரம்பிய குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு யாரோ என் பின்னால் வருவதுபோல. நான் நடந்தால் அதுவும் நடந்தது. நான் நின்றால் நின்றது. டார்ச் அடித்தேன். ஜன்னலில் பனிமூட்டம் மட்டும்.

கீழே உருளை மெஷின் பார்க்கும் மணியம் ஏறி வந்தான். அவனை நோக்கி நாலு எட்டு வைத்தேன். அந்தச் சத்தம் கேட்டு அவன் முகம் மாறிப்போனது.

"அண்ணே, அது உன் பின்னால வரல. உன் வயித்துக்குள்ள இருக்கு."

வெண்டைக்காய்

மறுவாரம் விடிகாலை, ஆலைக் குழாயடியில் வாந்தி எடுத்தேன். வந்தது முந்தின நாள் மத்தியானம் தின்ற வெண்டைக்காய். விதை விதையாக, அப்படியே.

எங்கள் தோட்ட லயத்து வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த கதைதான்: சோற்றில் வசியம் கலந்து வைத்தால் அது வயிற்றில் ஒட்டிக்கொண்டு, தின்றதைக் கீழே விடாது. எனக்குச் சோறு போடுவது ஒரே கை, என் மனைவி லெட்சுமியின் கை. குழாயடியில் பக்கத்தில் நின்ற மணியம் டார்ச்சைத் தாழ்த்திக்கொண்டு மெதுவாகச் சொன்னான்.

"நான் யாரையும் சொல்லல. வீட்டுச் சோத்தக் கொஞ்ச நாள் நிறுத்திப் பாரு லா."

யார் வைத்தது?

ஒரு மாதம் கடை ரொட்டி. லெட்சுமி தினமும் தட்டை வைப்பாள், அப்படியே எடுப்பாள். ரொட்டியும் வயிற்றில்தான் நின்றது. போட்ட இன்சுலின் மட்டும் நேரத்துக்கு வேலை செய்தது. ரத்தத்தில் சீனி இறங்கி, கொழுந்துக் குவியலில் குப்புறக் கிடந்த என்னை மணியம்தான் தூக்கினான்.

ஈப்போவில் ஓர் ஆஸ்பத்திரியில், படத்தில் தெரியும்படி ஏதோ கலந்த முட்டையைக் கொடுத்து, நாலு மணி நேரம் கழித்துப் படம் எடுத்தார்கள். கறுப்புத் திரையில் அது கலையாமல் வெளிச்சமாகக் கிடந்தது. பல வருஷ இனிப்புநீர் வயிற்றை அசைக்கும் நரம்பைக் கெடுத்துவிட்டதாம். யாராவது எதையாவது வைத்திருப்பார்களா என்று கேட்டேன். இளம் டாக்டரம்மா என்னையே பார்த்தார்.

"முட்டைய வச்சது நாங்கதான் அங்கிள். அதுவே இன்னும் போகல."

ஊசி

பசி வந்தால் வயிறு ஒரு ஹார்மோனைச் சுரந்து, தன்னையே அசைத்துக்கொள்ளுமாம். அதைப்போலச் செய்த ஊசி ஒன்று அந்த ஆஸ்பத்திரியில் ஆய்வில் இருந்தது. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் தண்ணீர். யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது. அதில் சேரக் கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாவது வாரம், வேலைக்குக் கிளம்பும் சாயங்காலம், உள்ளே ஏதோ பிசைந்தது. பயந்து சுவரைப் பிடித்தேன். அது பசி என்று புரிய நேரமானது, பசித்து அத்தனை நாளாகிவிட்டது. நெத்திலித் தலை கிள்ளிக்கொண்டிருந்த லெட்சுமியிடம், நான் அவளை என்ன நினைத்தேன் என்பதைச் சொல்லிவிட்டு, சோறு கேட்டேன். எழுந்துபோய்க் குழையவைத்த சோற்றைப் போட்டுவந்தாள். என் கண்ணெதிரே முதல் வாயை அவளே தின்றாள்.

"பாத்துக்கிட்டீங்களா? உங்கள மயக்கி நான் எங்க கொண்டுபோகப் போறேன்? ஏற்கெனவே இங்கதானே கெடக்கிறீங்க!"

இருபத்திரண்டு வருஷம் சோறு போட்ட கையைச் சந்தேகப்பட்டவன், உள்ளே என்ன இருக்கிறதென்று போடுகிறவருக்கே தெரியாத ஊசிக்கு நாள் தவறாமல் வயிற்றைக் காட்டுகிறேன் பார் என்றேன். லெட்சுமி சிரிக்கவில்லை, விட்ட இடத்திலிருந்து நெத்திலித் தலையைக் கிள்ளத் தொடங்கினாள்.