புதன்கிழமைக் காசு

லோர்னா ஹவுட்டாலாவும் நானும் முதியோர் இல்லத்துச் சலவை அறையில் ஒன்றாக வேலை பார்க்கிறோம். பேருந்து இருக்கையில் பத்து சென்ட் கிடந்தாலும் அவள் அதை ஓட்டுநர் கையில் கொடுத்துவிட்டுத்தான் இறங்குவாள். அப்படிப்பட்டவளை ஒரு புது வங்கிக் கணக்கு பாடாய்ப் படுத்திவிட்டது.

எங்களுக்கு வாரச் சம்பளம், வெள்ளிக்கிழமை வரும். வங்கியை மாற்றியதும் அவளுக்கு மட்டும் புதன்கிழமையே வந்து விழுந்தது. யார் பணமோ தவறி வந்துவிட்டது என்று அதைத் தொடவே இல்லை. வெள்ளிக்கிழமை தன் சம்பளத்துக்காகக் காத்திருந்தாள். அது வராததால் என்னையும் இழுத்துக்கொண்டு வங்கிக்குப் போனாள்.

"உங்க ஆபீஸ் சம்பளப் பட்டியலை முன்னாடியே அனுப்பிடும் மேடம்," என்றாள் கவுண்டரில் இருந்த பெண். "மத்த பேங்க்ல வெள்ளிக்கிழமை வரை வச்சிருப்பாங்க. நாங்க பட்டியல் வந்ததுமே உங்க கணக்குல போட்டுடுவோம்."

"அதுக்குள்ள காசு உங்க கைக்கு வந்துருமா?"

"அது வெள்ளிக்கிழமைதான் வரும்."

"அப்ப புதன்கிழமை அது யாரு காசு?"

"உங்க காசுதான்."

"கடனா?"

"இல்ல மேடம். வட்டியும் கிடையாது."

வெளியே வந்ததும், "உனக்குப் புரிஞ்சுதா?" என்று கேட்டாள். தலையாட்டினேன். சத்தியமாக எனக்கும் புரியவில்லை.

புரியாவிட்டாலும் நாளடைவில் புதன்கிழமை அவளுக்குப் பழகிவிட்டது. அதுதான் வினையாய்ப் போயிற்று.

அவள் கணவன் ரெய்னோ அந்த வசந்தத்தில் இறந்துபோனான். அவன் கல்லறையில் பெயர் பொறித்த ஒரு கல் நட, கல் செதுக்கும் ஆர்னி கங்காஸிடம் தவணை கட்டி வந்தாள். எங்கள் ஊரில் மண் உறைந்துவிட்டால் மே மாதம் வரை கல் நட முடியாது. அதற்குமுன் கல் ஏற்றிப்போகும் ஆர்னியின் கடைசி வண்டி நவம்பரில் ஒரு வியாழக்கிழமை கிளம்பும் என்றார்கள். "பாக்கியைப் புதன்கிழமை கட்டிடறேன்," என்று லோர்னா வாக்குக் கொடுத்துவிட்டாள்.

அந்த வாரத் திங்கட்கிழமை படைவீரர் தின விடுமுறை. புதன்கிழமை காசு வரவில்லை. வங்கிக்கு ஃபோன் போட்டாள்.

"லீவு வந்ததால உங்க ஆபீஸ்லேர்ந்து பட்டியலே இன்னும் வரல மேடம். வெள்ளிக்கிழமை கண்டிப்பா வந்துடும்."

"எப்பவும் புதன்கிழமைதானே போடுவீங்க?"

"பட்டியல் வந்தாதானே போட முடியும்?"

லோர்னா அழுக்குத் துணி மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "குளிர்காலம் பூரா அந்த மனுஷன் பேரில்லாமக் கிடக்கணுமா?" என்றாள். எனக்கு அந்த வங்கி மேல் பற்றிக்கொண்டு வந்தது.

மாலையில் ஆர்னியிடம் சொல்லப் போனோம். அவர் பாஸ்டி என்கிற, இறைச்சி அடைத்த பணியாரத்தை மென்றுகொண்டே கேட்டார்.

"உங்க இல்லத்துல என்னிக்காவது வெள்ளிக்கிழமை சம்பளம் போடாம இருந்திருக்காங்களா?"

"இல்ல."

"அப்ப நாளைக்குக் கல்லு போகுது. நீ வெள்ளிக்கிழமை வந்து கட்டு."

"காசு கைக்கு வராம எப்படி ஆர்னி?"

"வரப்போகுதுன்னு தெரியுமில்ல. உன் பேங்க் மட்டும் வேற என்ன பண்ணுது?"

வியாழன் மாலை பனி தூறிக்கொண்டிருந்தது. கல்லறையில் ரெய்னோவின் பெயரோடு கல் நின்றது. லோர்னா கோட்டுப் பைக்குள் கைகளை விட்டபடி தள்ளியே நின்றாள்.

"இன்னிக்கு இது யாரு கல்லு?" என்றாள்.

"உன் கல்லுதான்டி."

"இன்னும் காசு குடுக்கலயே."

"நாளைக்குக் குடுக்கப்போற."

குழம்பிப்போய் என்னைப் பார்த்தாள். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு, அவன் பெயர் மேல் கையை வைத்தாள்.