எதிர்வீட்டைப் பார்த்த கண்ணாடி

இதைக் கதை என்று சொன்னால் புய் ஷானுக்குக் கோபம் வரும். "கதையா இருந்தா எனக்கு இப்பத் தூக்கம் வரணுமே" என்பாள். அதனால் இதில் எதையும் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை. அவள் சொன்னது சொன்னபடி. நம்பிக்கை வராதவர்கள் தோ குவா வான் பேட்டையில் அந்தக் கட்டடத்துக் காவல்காரரைக் கேட்டுப் பாருங்கள். ஒன்பதாம் மாடியில் ஒரு சன்னல் மட்டும் புதிதாக இருக்கும். கீழே நின்றபடியே காட்டுவார். ஏன் மாற்றினார்கள் என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.

புய் ஷானும் கணவன் சீ ஹாங்கும் அந்த வீட்டைப் பார்க்கப் போனபோது அவள் மூன்று மாதக் கர்ப்பம். அதற்கு முன் ஒரு குழந்தை வயிற்றிலேயே போயிருந்தது. அப்போது இருந்த வீட்டில் வாசலுக்கு நேரே கழிப்பறை. படுக்கைக்கு மேலே உத்தரம். தெரிந்தவர்கள் அத்தனை பேரும் ஆகாது என்று சொன்னார்கள், வாடகை குறைவு என்று இவள்தான் கேட்கவில்லை. அந்த உத்தரத்தின் கீழ் படுத்துக்கிடந்த இரவுகளை நினைத்து நினைத்து மனசு அரித்துக்கொண்டே இருந்தது. இந்த முறை ஃபெங்சூயி வாஸ்து பார்க்காமல் சாவியைத் தொடுவதில்லை என்று முடிவு.

"கடல் தெரியுமா?" என்று தரகரிடம் கேட்டாள்.

"இந்த வாடகைக்குக் கடல் தெரியணும்னா படகுலதான் குடியிருக்கணும் தங்கச்சி."

லோ சிஃபு என்ற ஆசானை அழைத்து வந்தார்கள். ஃபெங்சூயி பார்ப்பதில் அந்தப் பக்கத்தில் பேர்போனவர். திசைகாட்டிப் பலகையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு அறை அறையாக நடந்தார்.

"வாசல் நல்லாருக்கு. கட்டிலை இந்தச் சுவரோரம் போடு, கால் வாசலைப் பாக்கக் கூடாது. அடுப்பும் தண்ணிக் குழாயும் ஒட்டிக்கிட்டு இருக்கு பாரு, நெருப்பும் தண்ணியும் முட்டிக்கும். நடுவுல ஒரு மரப்பலகை வை. புருஷன் பொண்டாட்டி சண்டை குறையும்."

"பலகை வச்சாக் குறையுமா? அப்ப ரெண்டா வச்சுடறேன் சிஃபு" என்றான் சீ ஹாங்.

சின்ன அறைக்கு வந்ததும் சிஃபு நின்றுவிட்டார். குழந்தைக்கென்று புய் ஷான் மனசில் குறித்துவைத்திருந்த அறை. சன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்தின் மூலை, கறிக்கடைக் கத்தியின் விளிம்பு மாதிரி, நேராக இந்தச் சன்னலைப் பார்த்து நின்றது. அந்த மூலையை ஒட்டி ஒரு வீட்டுச் சன்னல். உள்ளே ஒரு பெண் தையல் மெஷினில் குனிந்திருந்தாள். நிமிர்ந்து இவர்களைப் பார்த்துச் சிரித்தாள்.

"கெட்டதா சிஃபு?"

"குறைதான். பெரிசு இல்ல. தடிச்ச இலையா ஒரு செடி வை. திரை போடு. போதும்."

"எட்டுமூலைக் கண்ணாடி மாட்டினா? எல்லாரும் மாட்டறாங்களே."

சிஃபு அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

"மாட்டினா கெட்டது திரும்பிப் போகும்மா. போற பக்கம் மனுஷங்க இருக்காங்க."

குடிவந்தார்கள். செடி வைத்தாள். இலை ஒன்று பழுத்தது. அவ்வளவுதான். அன்று சாயங்காலமே ஒரு எட்டுமூலைக் கண்ணாடி வாங்கி வந்தாள். சீ ஹாங் லிஃப்ட் மெக்கானிக். திருப்புளி, ஆணி எல்லாம் அவனிடம் எப்போதும் இருக்கும்.

"சிஃபு வேணாம்னாரே?"

"போன தடவையும் இப்படித்தான், குறை இருந்தும் பெரிசு இல்லன்னு விட்டோம். குழந்தை போச்சு. நீ மாட்டறியா, நான் ஏறட்டுமா?"

மாட்டினான். சன்னலுக்கு வெளியே, மேலே, எதிர்வீட்டைப் பார்த்தபடி.

எதிர்வீட்டுப் பெண்ணுக்கு யிம் அக்கா என்று பேர். கணவர் மூங்கில் சாரம் கட்டுபவர். காலையில் சன்னலோரம் நின்று தேநீர் குடிப்பார். கண்ணாடி மாட்டிய பிறகு அவர் அங்கே நிற்பதில்லை. வெயில் நேரத்தில் அதன் ஒளி ஒரு வெள்ளைக் காசு மாதிரி அவர்கள் வீட்டுச் சுவரில் விழுந்து கிடக்கும். புய் ஷான் அதைப் பார்ப்பாள். பார்த்தும் பார்க்காத மாதிரி நகர்ந்துவிடுவாள்.

குளிர்காலத்தில் அவர் சாரத்திலிருந்து விழுந்தார். அங்கேயே உயிர் போய்விட்டது.

சில நாள் கழித்து யிம் அக்கா வந்தாள். தலையில் துக்கத்துக்குச் செருகிய சின்ன வெள்ளைப் பூ. இரும்புக் கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கமே நின்றாள்.

"துக்கக்காரி வரக் கூடாதுன்னு தெரியும்மா. உள்ள வரல. அந்தக் கண்ணாடிய மட்டும் எடுத்துடும்மா."

புய் ஷான் வயிற்றைக் கையால் மறைத்துக்கொண்டாள். வெள்ளைப் பூ வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று பயம்.

"அந்த வீட்டுல இனி நான் ஒருத்திதான் பாக்கி" என்றாள் யிம் அக்கா.

பயத்தில் வாயில் என்ன வருகிறது என்றே புய் ஷானுக்குத் தெரியவில்லை.

"என் சன்னல், என் கண்ணாடி. உங்க வீட்டுக்காரர் விழுந்ததுக்கு மூங்கிலைப் போய்க் கேளுங்க."

சொன்ன மறுநொடியே நாக்கைக் கடித்துக்கொண்டாள். யிம் அக்கா தலையை ஆட்டிவிட்டு மெதுவாகப் படியிறங்கிப் போனாள். லிஃப்ட் இருந்தும் படியில் போனாள். செருப்புச் சத்தம் ஒன்பது மாடியும் கேட்டது.

அன்றைக்கே புய் ஷான் அந்த அறையில் கனமான திரையை இழுத்து மூடினாள். எதிர்வீட்டு முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. சொன்ன வார்த்தையை மட்டும் மூட முடியவில்லை. பாத்திரம் கழுவும்போது வரும். சாப்பிடும்போது வரும். இறங்கிப் போய் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று செருப்பைப் போடுவாள். கழற்றுவாள். பிரசவம் ஆகட்டும்... அப்புறம் போகலாம்...

வசந்த காலத்தில் பெண் குழந்தை பிறந்தது. ஒரு குறையும் இல்லை. லோக்லோக் என்று கூப்பிட்டார்கள். புய் ஷான் குழந்தையைத் தூக்கும்போதெல்லாம் அந்தச் சந்தோஷத்துக்கு அடியில் ஒன்று உறுத்தும். இது யார் கணக்கில் வந்தது?

அப்போதுதான் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. காற்று கொஞ்சம் வீசினால் போதும். திரைக்குப் பின்னால், வெளியே...

டக். டக்.

"கண்ணாடி ஆடுது. திருகாணி தளர்ந்துடுச்சு போல" என்றாள்.

சீ ஹாங் குழந்தையின் துணியை மடித்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"காத்து" என்றான்.

ஆகஸ்டில் புயல் வந்தது. மதியமே எட்டாம் எண் புயல் எச்சரிக்கைச் சிக்னல் ஏற்றிவிட்டார்கள். கடைகள் மூடின. பஸ் நின்றது. சீ ஹாங் வேலைக்குப் போன கட்டடத்தில் லிஃப்ட்டுக்குள் ஆட்கள் மாட்டிக்கொண்டதால் அவனால் கிளம்ப முடியவில்லை. போன் செய்தான்.

"சன்னலுக்கெல்லாம் டேப் ஒட்டிடு. குறுக்கும் நெடுக்குமா."

"சின்ன ரூமுமா?"

"அதுக்கும்தான்" என்றான்.

மற்ற சன்னல்களை முடித்துவிட்டுச் சின்ன அறைக்கு வந்தாள். மணி மூன்றேகால். வெளியே சாம்பல் நிறத்தில் இருட்டியிருந்தது. தொட்டிலில் லோக்லோக் விழித்திருந்தாள். திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

டக். டக்.

மாதக்கணக்கில் தொடாத திரை. இழுத்தாள்.

எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது.

யிம் அக்கா மெஷினில் குனிந்து தைத்துக்கொண்டிருந்தாள். அதே இடம். அதே சாம்பல் நிறச் சட்டை. புய் ஷானுக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. நல்லாத்தான் இருக்காங்க. ஒண்ணும் ஆகல...

கையைத் தூக்கி அசைத்தாள். யிம் அக்கா நிமிரவில்லை.

அப்போதுதான் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. கடகடவென்று. தெளிவாக.

இந்தக் காற்றில் பக்கத்தில் இருக்கும் குழந்தை அழுதால்கூடக் கேட்காது. எதிர்க் கட்டடத்து மெஷின் எப்படிக் கேட்கும்?

டக்.

மேலே பார்த்தாள். கண்ணாடி இருந்தது. காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் அதன் முதுகுதான் தெரிய வேண்டும். வெறும் மரம்.

மரம் தெரியவில்லை.

கண்ணாடி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தது.

அதில் அறை தெரிந்தது. தொட்டில் தெரிந்தது. லோக்லோக் தெரிந்தாள்.

சன்னலுக்கு எதிரே நிற்கும் புய் ஷான் தெரியவில்லை.

மெஷின் சத்தம் நின்றது.

எதிர்வீட்டைப் பார்த்தாள். விளக்கு எரிகிறது. நாற்காலி இருக்கிறது.

ஆள் இல்லை.

குழந்தையை அள்ளி மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

டக். டக். டக்.

இந்த முறை சன்னல் இல்லை.

வாசல்.

"யாரு?"

காற்று மட்டும்... பிறகு, கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, சோர்ந்த குரல்.

"உள்ள வரல. அந்தக் கண்ணாடிய மட்டும் எடுத்துடும்மா."

கால் தானாக நடந்தது. பயத்தைவிடப் பெரிதாக ஒன்று அவளைத் தள்ளியது. கதவில் நெற்றியை முட்டிக்கொண்டாள். மாதக்கணக்கில் அடைத்துக் கிடந்தது அப்போதுதான் வாயில் வந்தது.

"தப்புப் பண்ணிட்டேன் அக்கா... பேசக் கூடாததப் பேசிட்டேன்... எடுத்துடறேன், இப்பவே எடுத்துடறேன்..."

கதவைத் திறந்தாள்.

யாரும் இல்லை.

தாழ்வாரம் காய்ந்து கிடந்தது. வெளியே அப்படி ஒரு மழை. ஒரு ஈரச் சுவடுகூட இல்லை.

படியில்... கீழே போய்க்கொண்டிருந்தது... செருப்புச் சத்தம்.

அப்போது பின்னால் வெடித்தது.

சின்ன அறைச் சன்னல் சட்டத்தோடு பிய்ந்து உள்ளே விழுந்திருந்தது. தொட்டில் நிறையக் கண்ணாடித் துண்டுகள். ஒரு நீளத் துண்டு தலையணையில் செங்குத்தாகக் குத்தி நின்றது.

சீ ஹாங் வந்து சேர்ந்தபோது அவள் குழந்தையோடு சமையலறை மூலையில் உட்கார்ந்திருந்தாள். நடந்ததைச் சொன்னாள்.

"விடிஞ்சதும் யிம் அக்கா வீட்டுக்குப் போகணும். நீயும் வா. கண்ணாடிய உடைச்சுப் போட்டுட்டுப் போகலாம்."

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். தலையில் போட்டிருந்த ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"அவங்க மார்ச்சுலயே போய்ச் சேர்ந்துட்டாங்க."

"என்ன சொல்ற?"

"உனக்குப் பிரசவத்துக்கு முன்னாடி. வயித்துல பிள்ளையோட இருக்கறவகிட்டச் சாவுச் செய்தி சொல்லக் கூடாதுன்னு சொல்லல. அப்புறம்... எப்படிச் சொல்றதுன்னு தெரியல. தூக்கத்துலயே போயிட்டாங்களாம். வீட்டைப் பூட்டிக் கரண்டையும் வெட்டிட்டாங்க."

புய் ஷான் குழந்தையின் தலையைக் கையால் மூடிக்கொண்டாள்.

"இன்னொண்ணு" என்றான். "கண்ணாடி அங்க இல்ல."

"இன்னைக்குப் பாத்தேனே!"

"அவங்க வந்துட்டுப் போன மறுநாளே கழட்டிட்டேன். நீ குளிக்கப் போயிருந்த நேரம். ஓட்டையக்கூட சிமென்ட் வச்சு அடைச்சேன். கொண்டுபோய் அவங்க கையிலயே கொடுத்தேன், என்ன வேணாப் பண்ணிக்கட்டும்னு."

"அப்ப... தினம் கேட்டுதே, அந்தச் சத்தம்?"

அவன் அவளைப் பார்க்கவில்லை.

"எனக்கும் கேட்டுது. காத்துன்னு சொல்லிக்கிட்டேன்."

விடிந்ததும் அவள் உடைந்த சன்னல் வழியாகத் தலையை நீட்டி மேலே பார்த்தாள். சுவரில் நான்கு சிமென்ட் பொட்டுகள். அவ்வளவுதான்.

அந்த மாதமே வீடு மாறினார்கள். புது வீட்டுக்கு அவள் யாரையும் திசை பார்க்கக் கூப்பிடவில்லை. சன்னலைத் திறந்து, எதிரே யார் இருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டாள். எதிரே மலை இருந்தது.

மறு வருஷம் சிங் மிங் அன்று, எல்லாரும் இறந்தவர்களைக் கும்பிடப் போகும் நாளில், யிம் அக்காவின் சாம்பல் வைத்திருக்கும் இடத்தைத் தேடிப் போனாள். ஆரஞ்சும் ஊதுபத்தியும் வைத்துவிட்டு அழுதுகொண்டே நின்றாள். அங்கே யிம் அக்காவின் தங்கையும் வந்திருந்தாள். நீங்கள் யார் என்று கேட்டாள்.

"எதிர்வீடு" என்றாள் புய் ஷான்.

தங்கையின் முகம் மலர்ந்தது.

"கண்ணாடி கொடுத்தவங்களா? அக்கா அதைச் சவப்பெட்டிக்குள்ள தன்கூடவே வைக்கச் சொல்லியிருந்தா. யாரையும் பாக்காம, தன் முகத்தைப் பாத்தாப்பல, கவுத்து வைக்கணும்னு கண்டிப்பாச் சொல்லியிருந்தா. நான்தான் என் கையால வச்சேன். அவளோட சேந்து அதுவும் எரிஞ்சுபோச்சு."