மேற்குச் சரிவை ஒட்டிக் கட்டிய பீடம்

எழுபதுகளின் முற்பகுதியில் தூத்துக்குடியில் புதுத் துறைமுக வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. அதைச் சார்ந்த ஒரு தனியார் கம்பெனியில் நான் டிராப்ட்ஸ்மேனாக இருந்தேன். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. அலுவலகத்துக்குப் போகும் வழியில் புதுச் சாலைக்காகச் சரள் மண் கொட்டி வைத்திருப்பார்கள். அதைப் பார்த்துக்கொண்டே நடப்பது என் பழக்கம். மண்ணைச் சோதிப்பது என் வேலை இல்லை. ஆனாலும் கலப்படம் கண்ணில் பட்டால் அன்று சாயங்காலம் நாட்குறிப்பில் எழுதி வைப்பேன்.

ஒரு நாள் காலை அப்படி ஒரு குவியலில் மண்பாண்டத்து ஓடுகள் கிடந்தன. உள்பக்கம் கறுப்பு, வெளிப்பக்கம் சிவப்பு. பக்கத்திலேயே ஒரு எலும்புத் துண்டு கிடந்தது. மாட்டெலும்பாக இருக்கும் என்று குச்சியால் புரட்டினேன். பற்களோடு கூடிய தாடை. மனிதத் தாடை.

லாரியின் பின்கதவை மாட்டிக்கொண்டிருந்த டிரைவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன சார், பல்லு எண்ணுதீயளா?"

"இது எங்கே ஏற்றிய மண்?"

"பரம்புலதான் சார். ஆத்துக்குத் தெக்க. அங்கன எந்த எடத்துல மம்பட்டிய வச்சாலும் பானைதான். அந்தக் காலத்துல செத்தவன குத்த வச்சு அடைச்சிருக்கான். மேஸ்திரி பொறுக்கிப் போட்டுட்டு ஏத்துலேங்காரு. பொறுக்க ஆரம்பிச்சா லோடு எப்ப சார் ஏத்த?"

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறி, அவர் பரம்பு என்று சொன்ன அந்தச் சரள் மேட்டுக்குப் போனேன்.

தாமிரபரணியின் வயல்வெளி முடிகிற இடத்தில் தரை மெல்ல மேடாகி, உடைமரமும் பனையுமாக நீண்டு கிடந்தது. ஏறுகிற இடத்தில் தொல்பொருள் இலாகாவின் நீலப் பலகை. பாதுகாக்கப்பட்ட இடம், சேதப்படுத்தினால் தண்டனை என்ற எழுத்துகள் துருவேறி இருந்தன. பலகைக்கு நேர் பின்னால் லாரித் தடம். வடக்கிலும் தெற்கிலும் மேட்டை வெட்டி எடுத்திருந்தார்கள். வெட்டு முகத்தில் பாதியாக அறுபட்ட தாழிகள் வரிசையாகத் தெரிந்தன. பூசணிக்காயைக் குறுக்கே வெட்டியதுபோல ஒவ்வொன்றின் உட்புறமும் நிறமும் தெரிந்தன. சில தாழிகளுக்குள் எலும்பு இன்னும் உட்கார்ந்த வாக்கிலேயே இருந்தது.

இலாகா வைத்த காவலாளி ஒருவர் உடைமர நிழலில் இருந்தார். ஐம்பது வயது இருக்கும். வேட்டிக்கு மேல் காக்கிச் சட்டை, கையில் ஒரு கம்பு. நான் யார் என்று விசாரித்துவிட்டு, கூடவே நடந்து எல்லாவற்றையும் காட்டினார்.

"நான் ஒத்த ஆளு சார். வடக்க வெரட்டுனா தெக்க ஏத்துதான். தெக்க போனா வடக்க. பாசிமணி, வெண்கலம், கத்தி ஏதாச்சும் கெடச்சா மேஸ்திரி மடியில கட்டிக்கிடுதாரு. எங்க போகுதோ தெரியாது. கேட்டா, 'என்னவே, செத்தவனுக்குக் காவலா? எந்திச்சு ஓடிருவானா'ன்னு சிரிக்காரு."

"கிராம அதிகாரியிடம் சொன்னீர்களா?"

"சொன்னேன். பக்கத்து சர்வே நம்பருக்குக் குவாரி உத்தரவு இருக்காம். எது பக்கத்து நம்பரு, எது நம்ம நம்பருன்னு காட்டுன்னு சொல்லுதாரு. எல்லைக் கல்லு இருந்தா காட்டிருவேன். கல்லையும்லா லாரியில ஏத்திட்டானுவோ."

எல்லை தெரியவில்லை என்பதுதான் சங்கதி என்றால் அது என் தொழில். பிறகு வந்த ஞாயிறுகளில் சங்கிலியும் கொடியும் கொண்டுபோய் நானும் அவருமாகப் பரம்பை அளந்தோம். அவர் கொடி பிடிப்பார், நான் எழுதுவேன். தாலுகா ஆபீசில் நகல் எடுத்த பழைய புலப்படத்தோடு பொருத்தி ஒரு வரைபடம் போட்டேன். மேற்குச் சரிவு மட்டும் முழுதாக, ஒரு மம்பட்டி கூடப் படாமல் இருந்தது. வரைபடத்தைக் காவலாளி மூலமாகவே இலாகாவுக்கு அனுப்பினோம்.

கோடையில் இலாகா அதிகாரி ஜீப்பில் வந்தார். மெட்ராஸ் ஆள். அதிகம் பேசமாட்டார். வெட்டு முகங்களைப் பார்த்தபோது தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். மேற்குச் சரிவில் ஏறி நின்று வெகுநேரம் பார்த்தார்.

"மத்ததெல்லாம் போனது போனதுதான்," என்றார். "இந்தச் சரிவு ஒண்ணு இப்படியே இருந்தா மழைக்காலம் முடிஞ்சதும் ஆட்களோட வந்து முறையா தோண்டறேன். ஒவ்வொரு தாழியும் எந்த மட்டத்துல, எது மேல எது இருக்குன்னு பார்த்தாதான் இவங்க யாரு, எப்ப இருந்தாங்கன்னு ஏதாவது சொல்ல முடியும். இதுவும் போச்சுன்னா நான் வர்றதுக்கு இங்க ஒண்ணும் இல்ல."

"வேலி?" என்று கேட்டேன்.

"எழுதிக்கிட்டேதான் இருக்கேன்," என்றார்.

அன்றிலிருந்து காவலாளிக்கு மேற்குச் சரிவே எல்லாம் ஆகிவிட்டது. எல்லைக்காக நாங்கள் அடித்த மரக் குச்சிகளை மேஸ்திரியின் ஆட்கள் பிடுங்கிக் கஞ்சி காய்ச்சினார்கள். கயிறு கட்டினோம். கயிறு காணாமல் போயிற்று. சரிவின் அடிவாரம் வரைக்கும் லாரித் தடம் வந்துவிட்டது. ஒரு ஞாயிறு நான் போனபோது காவலாளி கம்பைத் தரையில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"சார், இவனுவ கவர்மெண்டுக்குப் பயப்பட மாட்டானுவோ. மாடனுக்குத்தான் பயப்படுவானுவோ. இது சுடுகாட்டு மண்ணு. மாடன் இருக்க வேண்டிய எடம்தான். ஒரு பீடம் நட்டுட்டா போதும், ஒருத்தனும் வண்டிய விட மாட்டான்."

எங்கள் பக்கத்தில் சுடலைமாடனுக்கு உருவம் வைப்பது குறைவு. செங்கலும் சுண்ணாம்புமாக, மேலே போகப் போகக் குறுகும் ஒரு தூண்தான் சாமி. வெள்ளையடித்துக் காவிப் பட்டை போட்டால் முடிந்தது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, நான் நாசரேத்துக் கிறிஸ்தவன். ஆனால் அவர் சொன்னதில் தப்பு எதுவும் தெரியவில்லை. சரிவுக்கு வெளியே, தாழி இல்லாத பாறைத் தரையாகப் பார்த்து இடம் நான் காட்டினேன். சுண்ணாம்பும் வாங்கிக் கொடுத்தேன். செங்கல் அவர் சுமந்தது. ஊரில் எல்லோரும் நாற்று நடப் போயிருந்த ஒரு பகலில் அவரே கட்டி முடித்தார்.

லாரிகள் நின்றுவிட்டன. அடுத்த வாரமே சாலைக்கு வேறு நிறத்துச் சரள் வந்தது. பல்லு எண்ணுதீயளா என்று கேட்ட அதே டிரைவர் என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"பரம்புல மாடன் இருக்காரு சார். இத்தன நாளு தெரியாமப் போச்சு. மண்ணுக்குள்ள கெடந்தவரு வெளிய வந்துட்டாராம். அங்கன இனி யாரு போவா?"

அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வீட்டில் மனைவியிடம் சொன்னேன். "வேதக்கோயில்ல கமிட்டி மெம்பரா இருந்துக்கிட்டு மாடன் கோயிலுக்குச் சுண்ணாம்பா? ஐயர் காதுல விழட்டும், இருக்கு ஒங்களுக்கு" என்று அவள் சிரித்தாள். எங்களில் ஐயர் என்றால் பாதிரியார்.

கொஞ்ச நாள் அப்படி ஓடியது. ஆவணி வாக்கில் அந்த டிரைவரின் லாரி ஒரு பாலத்தில் பிரேக் பிடிக்காமல் போய், கைப்பிடிச் சுவரில் மோதி விளிம்பில் நின்றது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் நேராக ஒரு சேவலோடு பரம்புக்குப் போனார். அவரைப் பார்த்து மற்ற டிரைவர்கள் போனார்கள். பிறகு ஊர்ப் பெண்கள் போனார்கள். பீடத்துக்கு ஓலைக் கூரை வந்தது. மணி வந்தது. விளக்குத் திரியும் எலுமிச்சம்பழமும் விற்க ஒருவர் சாக்கு விரித்தார்.

காவலாளியால் வாயைத் திறக்க முடியவில்லை. நான்தான் கட்டினேன் என்று சொன்னால் மறுநாளே லாரி வரும். சொல்லாவிட்டால் கூட்டம் வருகிறது. "கூட்டம் பரவாயில்ல சார். கும்புட்டுட்டுப் போயிரும். மழ முடியட்டும்" என்றார்.

ஐப்பசியில் மழை தொடங்குவதற்கு முன்பே கொடை விழா நடத்துவதாக ஊரில் முடிவாயிற்று. செலவு முழுக்கத் தன்னுடையது என்று முன்வந்தவர் அந்தக் குவாரியின் கான்டிராக்டர். புதிதாக வந்த சாமி தன் குவாரிமேல் கோபமாக இருக்கிறது, அதைத் தணிக்க வேண்டும் என்று அவர் மனப்பூர்வமாக நம்பினார். பந்தலுக்கும் வில்லுப்பாட்டு மேடைக்கும் பொங்கல் அடுப்புகளுக்கும் சமதரை வேண்டும். பீடத்தை ஒட்டி இருந்த காலியிடம் மேற்குச் சரிவுதான்.

தரை நிரவும் நாளில் காவலாளி ஆள் அனுப்பியிருந்தார். நான் லீவு போட்டுப் போனேன். சரிவின் அடியில் மேஸ்திரியும் மம்பட்டி ஆட்களும் நின்றார்கள். ஊர்ப் பெண்கள் கூடை கொண்டுவந்திருந்தார்கள், இலவசமாகச் செய்கிற கோயில் வேலை. காவலாளி அவர்கள் முன்னால் கம்பைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏலே, கேளுங்க. இது சாமியே இல்ல. நான்தான் கெட்டுனேன். செங்கல் நான் தூக்கியாந்தது. சுண்ணாம்பு இந்தா நிக்காருல்லா சாரு, இவரு வாங்கித் தந்தது. லாரிய நிறுத்தத்தான் கெட்டுனேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உண்மைதான் என்று சொன்னேன்.

மேஸ்திரி ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பீடத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

"அடேயப்பா! வேதக்காரரு கையாலயே சுண்ணாம்பு வாங்க வச்சிருக்காருன்னா, மாடன் லேசுப்பட்ட ஆளா?"

பெண்கள் சிரித்தார்கள். அவர்களில் மூத்தவள் காவலாளியிடம் வந்து, "நீயா கெட்டுன? இம்புட்டுப் பெரிய பரம்புல இந்த எடத்துல கெட்டணும்னு ஒம் புத்தியில வச்சது யாருவே?" என்று கேட்டாள்.

இடத்தைக் காட்டியவன் நான். அதையும் சொன்னேன். அது இன்னும் மோசமாயிற்று. ஒருத்தி குலவையிட்டாள். யாரோ பீடத்தில் கிடந்த மாலையை எடுத்துக் காவலாளியின் கழுத்தில் போட்டார்கள். அவர் அதைக் கழற்றுவதற்குள் மம்பட்டி விழத் தொடங்கிவிட்டது.

நான் பார்த்ததை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் மேல் சரளை வழித்தார்கள். அடியில் தாழிகளின் மூடிகள் நெருக்கமாகத் தெரிந்தன. மூடிகளைக் கடப்பாரையால் நெம்பி எடுத்தார்கள். வாய்கள் தரைமட்டத்துக்கு மேலே நின்றதால் அவற்றை உடைத்து உள்ளேயே தள்ளி மண் நிரப்பினார்கள். சிலவற்றில் சின்னக் குடுவைகளும் இரும்புச் சாமான்களும் இருந்தன. அவை வெளியே வந்த கொஞ்ச நேரத்தில் இல்லை. பந்தக்கால் ஊன்றுவதற்குத் தாழி இருந்த இடமே சுலபம் என்று கண்டுகொண்டார்கள், உள்ளே மண் இளக்கமாக இருந்தது. பெரிய தாழி ஒன்றை உடையாமல் எடுத்து, உள்ளே இருந்ததைக் கொட்டிவிட்டு, கழுவி, வருகிறவர்கள் கை கால் அலம்பத் தண்ணீர் ஊற்றி வைத்தார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. ஒரு பெண் கொட்டிய எலும்புகளை முறத்தில் அள்ளி, ஒரு தேங்காய் உடைத்து, தனியாகப் புதைத்தாள்.

நண்பகலில் நடக்கும் உச்சிக் கொடைக்கும் போனேன், வெளியே நின்றேன். மேளம் ஏறியபோது கோமரத்தாடிக்கு அருள் வந்தது. சாமி இறங்கி ஆடுகிறவரை அப்படித்தான் சொல்வோம். கான்டிராக்டர் சட்டையைக் கழற்றிவிட்டு அவர் முன்னால் விழுந்து, கிழக்குப் பக்கம் மண் எடுத்துப் பிழைக்க உத்தரவு கேட்டார். கோமரத்தாடியின் கையில் இருந்த வேட்டைக் கம்பு தரையில் அடிபட்டது.

"எடுத்துக்கோ. எம் பீடத்தத் தொடாத. வருசா வருசம் எனக்குக் கிடா வெட்டிரு!"

மழை முடிந்து, தை பிறந்தபின் அதிகாரி சொன்னபடியே வந்தார். ஜீப்பில் கூடாரத் துணியும் கருவிப் பெட்டிகளும் இருந்தன. இறங்கியவர், "சரிவு எங்கே?" என்றார்.

காவலாளி கையால் காட்டினார். சமதரை. அடுப்புக் கரியும் பந்தக்கால் குழிகளும்.

அதிகாரி பூட்ஸ் நுனியால் ஒரு குழியைக் கிளறினார். ஓடும் சாம்பலும் ஆட்டெலும்பும், ஆட்டெலும்பு அல்லாத எலும்பும் ஒன்றாக வந்தன.

"அடியில் கொஞ்சம் முழுதாக இருக்காதா? தோண்டிப் பார்க்கலாமே" என்றேன்.

"மேல எது கீழ எதுன்னு கலந்துட்ட பிறகு தோண்டினா அது தோண்டறது இல்ல சார். பொறுக்கறது."

காவலாளியை அவர் திட்டவில்லை. பீடத்தைப் பற்றி நாங்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். இனி அதை இடித்தால் ஊர் எரியும் என்று மட்டும் சொன்னார். பெட்டிகளை இறக்காமலேயே ஜீப் திரும்பிப் போயிற்று.

நாங்கள் இருவரும் அங்கேயே நின்றிருந்தோம். சற்று நேரத்தில் கிழக்கு வெட்டுக்குப் போகும் லாரி வந்தது. முகப்பில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின. டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினார். செருப்பைக் கழற்றினார். பீடத்தைச் சுற்றி வந்து, காவலாளியின் முன்னால் குனிந்து நின்றார்.

"அண்ணாச்சி, மாடன் உங்க கையாலதான வெளிய வந்தாரு. துன்னூறு பூசி விடுங்க. மொத லோடு."

காவலாளி என்னைப் பார்த்தார். அவர் கம்பை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, பீடத்தின் அடியில் இருந்த சாம்பலை மூன்று விரலால் எடுத்து டிரைவரின் நெற்றியில் பூசினார். டிரைவர் கண்ணை மூடி ஏற்றுக்கொண்டு, வண்டியை எடுத்துக் கிழக்கே போனார்.